மறைவாக ஒரு நோன்பு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டு திரும்பிய கையோடு, ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் யாரும் மீன் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டேன். திருச்சபை விடச் சொல்வது இறைச்சியைத்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இறைச்சியை விடுவது ஒரு தியாகமா என்று தோன்றியது. இந்த வருடமாவது கடவுளை உண்மையாக நேசிக்க வேண்டும் என்ற ஆசை. மகளுக்கு அடிக்கடி வரும் இளைப்பு நிற்காதோ என்ற பயமும் அதற்குள் இருந்தது. எது பெரியது என்று நான் பார்த்துக்கொள்ளவில்லை.

நோன்பை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரிக்கும் சொல்லவில்லை. அவர்கள் மீன்பிடிக் குடும்பம். எங்கள் சாமி அவர்களுக்குச் சாமி இல்லை. எல்.கே.ஜி. விட்டதும் என் மகளை அழைத்து வந்து, சோறு ஊட்டி, நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைச் செபம் எங்கள் வீட்டில். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வரும் என்பதால் அரைநாள் விடுப்பு போட்டு மதியமே வந்துவிட்டேன். கீழ்வீட்டில் மகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் சங்கரா மீன்.

"வாக்கா. முள்ளு எடுத்துக் குட்தா இன்னாமா துன்றா பாரு!" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வாய்க்குள் விரலை விட்டுக் கழுவினேன். அவள் குமட்டி, தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தாள்.

கீழ்வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். "இன்னாக்கா, வெசமா வச்சிட்டேன் புள்ளைக்கு?"

"இல்லம்மா. வேண்டுதல். வீட்ல யாரும் மீன் தொடக் கூடாதுன்னு..."

"ஒரு வார்த்த சொல்லிக்கிறியா எங்கிட்ட? சொல்லியிருந்தா பருப்பு கடைஞ்சிருக்க மாட்டேன்?"

மேலே போய், இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மகளை நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சாமிக்குக் கோபம் வந்திருக்கும் என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு நோன்பே கிடையாது என்பதும் தெரியும்.

மாலையில் செபம் முடிந்ததும் சிலுவையை முத்தமிடக் கொடுத்தார்கள். என் மகள் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"முத்தி செய்டா கண்ணு" என்றார் சிலுவையைப் பிடித்திருந்த பெரியவர்.

"வேணாம். மோந்து பாத்துடும்."

"யாரு?"

"சாமி."

எல்லோரும் சிரித்தார்கள். "நல்ல வாயாடிடி உம் பொண்ணு!" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். குழாயடியில் செய்ததைக்கூட பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சிரிப்புக்கு என்ன சொல்வது?

மறுநாள் காலை கீழே போனேன். கீழ்வீட்டுக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

"இனிமே புள்ளைய வுட்றதா இருந்தா லிஸ்ட்டு எய்திக் குடுத்துட்டு போ. இது துன்னலாம், அது துன்னக் கூடாதுன்னு."

"நீ எது ஆக்குறியோ அதப் போடு. வேண்டுதல் எனக்குத்தான். அவளுக்கில்ல."

உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு, "இன்னிக்கு நெத்திலி" என்றாள்.

மதியம் நானும் கீழேயே உட்கார்ந்திருந்தேன். சாமிக்குக் கோபமே இல்லை, அம்மாதான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மகளிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நான் மீன் தொடுவதில்லை. ஆனால் மகளின் இளைப்புக்காக வேண்டிக்கொள்வதை விட்டுவிட்டேன். ஆண்டவரே, அவளுக்கு உம்மேல் பயம் வேண்டாம், என்மேல் வந்தாலும் பரவாயில்லை என்று மட்டும் கேட்கிறேன். அதைக் கேட்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது.