இரண்டு மழை குடித்த தேக்கு

மரத்தின் வளையங்களைப் பார்த்து அது எந்த வருடம் வெட்டப்பட்டது என்று சொல்வது என் தொழில். எத்தனையோ கோவில் உத்தரங்களுக்கு வயது சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு மரத்தைத் தொட மட்டும் அப்பா விட்டதில்லை. "பர்மாத் தேக்காக்கும்" என்பது வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் அவர் கொடுப்பது. வயதும் அவருக்குத் தெரியும். தன் தாத்தாவின் கல்யாணத்துக்குக் கட்டிய வீடு என்பார். பிறகு நான் எதற்கு?

போன வருடம் தம்பிக்குப் பெண் அமைந்ததும் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். ஓட்டைத் தாங்கி உளுத்துப்போன ஒரு கழுக்கோலின் முனையை ஆசாரி அறுத்துக் கீழே போட்டார். ஓட்டுக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தக் காலத்து ஆசாரி பட்டையைக்கூடச் சீவாமல் விட்டிருந்தார். பட்டை இருந்தால் வெட்டிய வருடத்துக் கடைசி வளையமும் இருக்கும். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

வருடம் தெரிந்த பர்மா மரங்களின் வளைய வரிசையோடு அது ஒட்டவே இல்லை. கோட்டுக்கு ஒரு வருடம் என்று எண்ணினால் வயது எங்கேயோ போனது. கூட வேலை பார்ப்பவர்கள் தலையைச் சொறிந்தார்கள். நான் வயல்காட்டுக்காரி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம் அறுக்கிற ஊரில் மரம் மட்டும் ஒரு மழையோடு நிறுத்திக்கொள்ளுமா? ஆடிச் சாரலுக்கு ஒன்று, ஐப்பசி மழைக்கு ஒன்று எனச் சில வருடங்களில் இரண்டு கோடு போட்டிருந்தது. அந்த உபரிக் கோடுகளைக் கழித்து எங்கள் மலைத் தேக்குகளின் வரிசையோடு வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. கடைசி வளையம், அப்பாவுடைய தாத்தாவின் கல்யாணத்துக்கு முந்தின வருடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊருக்குப் போனதும் அப்பாவிடம் நல்லதை முதலில் சொன்னேன். "வருசம் நீங்க சொன்னதுதாம்ப்பா. மரந்தான் பர்மா இல்ல."

அவர் அன்று முழுக்கக் கூரையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மறுநாள் ஆரல்வாய்மொழியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அவர் பழையபடி பர்மா என்று ஆரம்பித்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. திருத்தினால் சம்பந்தி முன்னால் அவர் மானம் போகும்.

வந்தவர்களில் பெண்ணின் அப்பா கூரையைப் பார்த்தபடி, பர்மாத் தேக்கா என்று அவராகவே கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பர்மா இல்ல. நம்ம மலையில ரெண்டு மழையும் குடிச்சு வளந்த தேக்காக்கும். என் மக கண்டுபிடிச்சது."

அதற்குப் பிறகுதான் காப்பி வந்தது.