பதினேழாம் கிணற்றின் கைப்பிடிச் சுவர்

எங்கள் பூகோள ஆராய்ச்சி மையத்தில் அவளுக்கு டேப்பம்மா என்று பெயர். மாதம் ஒரு முறை நாற்பத்திரண்டு கிணறுகளுக்கும் நான் ஓட்டும் ஜீப்பில் வருவாள். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடுவாள். இழுத்துப் பார்த்தால் நனைந்த இடம் நிறம் மாறியிருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். பதினொரு வருஷமாக இதே வேலை, அதுவும் தற்காலிகமாக. நிரந்தரம் ஆக்கும் ஃபைல் அந்த வாரம்தான் மையத் தலைவியான பேராசிரியையின் மேசைக்கு வந்திருந்தது.

அவள் கணக்கை நம்பித்தான் வட்டாரத்துக்கே இருபது வருஷத் திட்டம் போட்டார்கள். எங்கே வீடு, எங்கே வயல், எங்கே புது போர்வெல் போடக்கூடாது என்று வரைபடத்தில் கலர் அடித்தார்கள். நாலு வருஷத்தில் எல்லாக் கிணறும் ஐந்தடி இறங்கிவிட்டன. பதினேழாம் நம்பர் மட்டும் இரண்டடிதான். ஊற்று வலுவான இடம் என்று அதைச் சுற்றிப் பச்சை அடித்து, அறுநூறு வீட்டுக்கு இடம் குறித்தாகிவிட்டது. கையெழுத்துப் போடும் கூட்டம் பதினொரு மணிக்கு.

கூட்டத்தன்று காலை ஒன்பதரைக்கு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கூட்டத்தில் காட்டவேண்டிய இரண்டு போட்டோக்கள் அவள் மடியில் இருந்தன. ஒன்று ஆறு வருஷத்துக்கு முந்தையது, மற்றது போன வாரத்தது. இரண்டிலும் பதினேழாம் கிணற்றில் டேப்பை விட்டுக்கொண்டு நிற்கிறாள். நிற்கிறாள் என்றா சொன்னேன்? பழையதில்தான் நிற்கிறாள். புதியதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, அந்தச் சுவர் எப்ப இடிஞ்சுது?"

"எந்தச் சுவரும்மா?"

"வண்டியத் திருப்புங்க."

சுவர் இல்லாததை மாதாமாதம் பார்த்தவள்தான். அது கணக்கை என்ன செய்யும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கிணற்றுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "டிராக்டர்காரன் ரிவர்ஸ்ல வந்து இடிச்சுட்டான். நாலு வருஷம் இருக்கும். கல்லெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போயிடுச்சு. ஏன், நீங்க கட்டித் தரப்போறீங்களா?"

அவள் பையிலிருந்த பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே குறித்திருந்தாள்: சுவர் மூன்றடி. அது போன பிறகு தரையிலிருந்து அளந்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் மூன்றடி குறைத்து எழுதியிருக்கிறோம். இரண்டும் மூன்றும் ஐந்து. எல்லாக் கிணற்றையும் போலத்தான் இதுவும். ஊற்றும் இல்லை, வலுவும் இல்லை.

தண்ணீர் திடீரென்று ஏறியதாகக் காட்டிய மாதத்தைத் தேடினாள். இரண்டாவது பிரசவத்துக்கு அவள் லீவில் இருந்த சமயம் அது. அந்தப் பக்கத்தில் இருந்தது கோழி கிளறியது போன்ற எழுத்து. என் எழுத்துதான். அளந்து எழுதிவிடுங்கள் என்று என்னிடம் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் ஜீப் கதவைத் திறந்துவிட்டேன். "விடும்மா. மூணடிதானே. உன் ஃபைல் முடியட்டும், அப்புறமா மெதுவா திருத்திக்கலாம்."

"அறுநூறு போர் போட்டப்புறமா?"

"ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கறவ, யோசிச்சுப் பேசு."

"அங்க குடி வர்றவங்க குடத்தத் தூக்கிட்டு எங்கண்ணே ஓடுவாங்க? வண்டிய எடுங்க."

மணி பத்தே கால். ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் எங்கள் உயிரை வாங்கிக்கொண்டு போனது. நாற்பத்தைந்து பெட்டிகளையும் வாய்விட்டு எண்ணினாள்.

கூட்ட அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது திட்ட அதிகாரி பேனா மூடியைக் கழற்றியிருந்தார். அவள் நேராகப் போய் இரண்டு போட்டோக்களையும் அவர் காகிதத்தின் மேலேயே வைத்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். பேராசிரியையின் முகம் வெளிறிவிட்டது.

"ஒரு சுவரே காணாமப் போயிருக்கு. கண்ணு எங்கம்மா இருந்துச்சு?" என்றார் அதிகாரி.

"டேப்புல இருந்துச்சு சார்."

"யார் அளக்கும்போது ஆரம்பிச்சது இது?"

அவள் நோட்டை மூடினாள். "நோட்டு என்னுது சார்."

வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மாசம் அளந்தது நான் சார்."

"நீ யாருப்பா?"

"டிரைவர்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பேராசிரியை பக்கம் திரும்பினார். "டிரைவர் அளந்த கணக்குலயா எங்கள வீடு கட்டச் சொன்னீங்க? யார் டேப்பக் குடுத்தது இவர்கிட்ட?"

நல்லது செய்வதாக நினைத்து அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் சார் குடுத்தேன்."

அதிகாரி பேனாவை மூடினார். பச்சையை அழித்தார்கள். இரண்டு மாதம் கழித்து அறுநூறு வீடுகளையும் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போகும் பாதைக்கு மாற்றினார்கள். அவள் ஃபைல் மறுபரிசீலனை என்று போனது போனதுதான். இன்றைக்கும் தற்காலிகம்.

அன்று படியில் இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்கள யாருண்ணே வாயத் திறக்கச் சொன்னது?"

மூன்று நாள் என் ஜீப் பக்கமே அவள் வரவில்லை. நாலாம் நாள் காலையில் டேப்பும் நோட்டுமாக வந்து ஜீப்பில் ஏறினாள்.

"நாப்பத்திரண்டு சுவரையும் அளக்கணும். ஒண்ணாம் நம்பருக்கு விடுங்க."

"டேப்போட ஒரு முனைய நான் பிடிக்கவா?"

"வேணாம். நீங்க ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க."