கல்யாண வீட்டுப் பின்வாசல்

வழி கேட்ட புள்ளையப் பாத்துப் பல்லக் காட்டுனவ நான். இப்ப எனக்குப் பல்லே இல்ல. சரியான கூலிதான்.

எந் தங்கச்சிக்கு அப்ப ஒம்போது வயசு. ஒரு தடவ கேட்டாப் போதும், பாடம் பூராத்தையும் ஒப்பிச்சிருவா. நான் மூணாம் வாய்ப்பாட்டுலயே குப்புற விழுந்தவ. ஆனா அவளுக்குச் செருப்பு கால் மாறும், பாவாட நாடா முடிய வராது, தெருமுக்குத் திரும்புனா வீடு தெரியாது. "வாயி காளையார்கோவில் வரைக்கும் போகும், காலு வாசப்படி தாண்டாது"ன்னு நாந்தான் கேலி பண்ணுவேன்.

ஒரு நா, எங்கப்பா தச்சு வேல பாக்குற செட்டியார் வீட்டுல கல்யாணம். அந்த வீட்டு ஆச்சி இவளப் பாட்டு ஒப்பிக்கச் சொல்லி, மடி நெறைய சீப்புச்சீடை குடுத்தாக. எனக்குக் கெடச்சது, "தங்கச்சியப் பாத்துக் கத்துக்கத்தா!" வயிறு எரிஞ்சுபோச்சு.

அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. உள்ள கட்டு கட்டாத் தாண்டிக் கூட்டிப்போயி, பின்வாசலுக்கு வெளிய நிறுத்துனேன்.

"இங்கயே நில்லு, வாரேன். வரலன்னா அங்குட்டு வா"ன்னு கையக் காட்டுனேன்.

"கை காட்டாதக்கா. வாயால சொல்லு."

கொழுப்பப் பாருன்னு சிரிச்சுக்கிட்டே ஓடியாந்துட்டேன்.

பொழுது சாயத்தான் கெடச்சா. தேவகோட்டை பஸ்ல ஏறப் போனவள ஒரு அம்மா கையப் புடிச்சுக் கூட்டியாந்தாக. அப்பா பேரு, தெரு, கதவு நம்பரு எல்லாம் பிசகாமச் சொல்லியிருக்கா.

"அக்கா வாரேன்னுச்சுப்பா. நாந்தான் நிக்காமப் போயிட்டேன்"னு அழுதா.

"வழி தெரியாத பொட்டப்புள்ளைக்கு என்ன பள்ளிக்கூடம்?"னு அப்பா அன்னைக்கே நிறுத்திட்டாக. அப்பவும் நான் வாயத் தொறக்கல.

போன மாசம், வழி தடுமாறுற எம் பேத்தியச் சோதிக்க மதுரைக்கு ஒரு டாக்டரம்மாகிட்டப் போனோம். ரெண்டு நாளு கட்டை அடுக்கவிட்டு, படம் வரையவிட்டுப் பாத்தாக. சொல்சாராக் கற்றல் குறைபாடாம். பேச்சும் மனப்பாடமும் கெட்டி. திசை, வடிவம், அடுத்தவுக மொகக்குறிப்பு மட்டும் பிடிபடாதாம். சோம்பேறித்தனம் இல்லையாம்.

"இவளுக்குக் கை காட்டாதீங்க பாட்டி. வாயால சொல்லுங்க. நீங்க கேலிக்குச் சிரிக்கிறதும் இவளுக்குத் தெரியாது"ன்னாக டாக்டரம்மா.

எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

அந்தம்மாவுக்குக் கண்டுபிடிக்க ரெண்டு நாளு வேணுமாயிருந்துச்சு. எந் தங்கச்சி ஒம்போது வயசுல, பின்வாசல்ல நின்னு, அதை அவளே சொன்னா. நாந்தான் கொழுப்புன்னு நெனச்சேன்.