ஒன்பது முறை ‘பார்த்தேன்’

இன்று நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? குடிநீர் வாரியத் தொழிலாளர் சங்கச் செயலாளரை. எல்லோருக்கும் அவர் வால்வு அண்ணன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஆபரேட்டர். போன மாதம் மோட்டார் எரிந்துபோனது. சித்தி கவனிக்காமல் விட்டதால்தான் எரிந்தது என்று பொறியாளர் எழுதிவிட்டார். இன்று வாரிய ஆபீஸில் விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போய்விடும். துணைக்குப் போன என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் திறந்தே கிடந்தது. அந்த ஆபீஸில் ஜன்னலை மூடவும் யாராவது உத்தரவு போட வேண்டும் போலிருக்கிறது.

விசாரணையில் தொழிலாளிக்காக இன்னொரு தொழிலாளிதான் பேசலாம், அதிகாரி பேசக் கூடாது. மேலிடத்துப் புத்திசாலிகள் என்ன செய்தார்கள்? பதினொரு மணிக்கு விசாரணை. பத்து மணிக்கு அண்ணனுக்குப் பதவி உயர்வு உத்தரவு. அதிகாரி அந்தஸ்து, தனி மேசை, சுழல் நாற்காலி. பதினெட்டு வருடமாக யார் கண்ணிலும் படாத திறமை, விசாரணை நாளில் மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது! இது மூன்றாவது முறையாம்.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து, ‘ஏற்க விருப்பமில்லை’ என்று எழுதி பியூனிடம் கொடுத்தார். வீட்டில் திட்ட மாட்டார்களா என்று கேட்டேன்.

“மொத தடவ உங்க அண்ணி ஒரு வாரம் பேசல. இப்பல்லாம் கடுதாசி வந்தா, யாருக்கு விசாரணைன்னுதான் கேப்பா.”

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அவர் திருப்பிய வால்வு உடைந்ததாம். துருப்பிடித்திருக்கிறது என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆனாலும் விசாரணையில் அவருக்காகப் பேச ஆளில்லை. அப்போதைய சங்கத் தலைவர், பெரிய அதிகாரி வீட்டு விசேஷத்தில் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தாராம். என்னவொரு தலைவர்! இவர் பயத்தில் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஐயா போட்டுவிட்டு, ஆறு மாதம் சஸ்பெண்டில் கிடந்தார். அதற்குப் பிறகு எந்த உறுப்பினரையும் அந்த அறைக்குள் அவர் தனியாக விட்டதில்லை.

பதினொரு மணிக்கு அண்ணன் சித்தியோடு உள்ளே போனார். ஜன்னல் வழியாகப் பொறியாளரின் குரல் கணீரென்று கேட்டது. மோட்டார் கெட்டிருப்பதாகச் சித்தி ஒரு நாளும் தெரிவிக்கவில்லையாம். அண்ணன் நிலையத்துப் பதிவேட்டைத் திறந்து நிதானமாக வாசித்தார். ‘மோட்டாரில் கரகரவென்று சத்தம்’ என்று வாரம் ஒரு முறை, ஒன்பது வாரம், சித்தியின் கையெழுத்தில். ஒவ்வொன்றுக்கும் கீழே பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று பொறியாளரின் கையெழுத்து.

“ஒம்போது தடவ பாத்திருக்கீங்க சார். ஒரு தடவ படிச்சிருந்தா மோட்டார் பொழச்சிருக்கும்.”

வேலைப் பளுவில் கவனிக்கவில்லை என்று பொறியாளர் முணுமுணுத்தார். சித்தி கவனிக்காவிட்டால் வேலை போகும், ஐயா கவனிக்காவிட்டால் அது வேலைப் பளு! விசாரணை அதிகாரிக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குற்றம் நிரூபணமாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சித்தி வெளியே வந்து தேம்பினார். நானும்தான்.

“அழுறத வீட்ல போய் அழும்மா. காலைல டூட்டிக்கு வந்துரு,” என்றார் அண்ணன்.

சங்க அறை வாரிய ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். குற்றச்சாட்டுக் கடிதத்தோடு தவிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அங்கே கூட்டிப்போங்கள். இதைப் பகிருங்கள், அந்தப் பொறியாளருக்கும் சேர்த்து. படிக்க மாட்டார். ‘பார்த்தேன்’ என்று நிச்சயம் போடுவார்.