நேரலைக்குள் நுழைந்தவள்

அந்த உள்ளூர் டிவி சேனலில் அவளுக்குப் பட்டப்பெயர் 'வெப்சைட் அக்கா'. வைத்தவர்கள் கேமராக்காரர்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், கல்லூரிப் பக்கமே ஒதுங்காமல், டிவித் தொழிலை இணையதளங்களிலேயே கற்றுக்கொண்டு வந்து நின்றாள். கேமரா கோணங்களைப் படம் போட்டு விளக்கும் தளம் ஒன்று, ஒளிபரப்புச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் தளம் ஒன்று. ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் தளமும் ஒன்று உண்டு. அதில்தான் சரக்கு அதிகம்.

"ஊரெல்லாம் டிவியப் பாக்குது, இவ மட்டும் டிவியப் படிக்கிறா" என்று புருஷன் கேலி செய்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். விருந்தினரை அழைத்து வந்து உட்காரவைப்பது, தண்ணீர் கொடுப்பது, அவ்வளவே. அன்று மதியம் ஃப்ளோர் மேனேஜருக்குக் காய்ச்சல். கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் ஹெட்போனில் சொல்வதை, ஸ்டுடியோவுக்குள் நின்று சைகையால் மற்றவர்களுக்குச் சொல்கிற வேலை அவருடையது. வேறு ஆள் கிடைக்காமல் தயாரிப்பாளர் அவளை நிற்கச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள்.

நேரலை தொடங்கியது. விருந்தினர் ஒரு மெக்கானிக். அவருடைய அப்பாவுக்கு மறதி நோய். முந்தின நாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. நெஞ்சு வலிக்கான மாத்திரையும் வீட்டிலேயே கிடந்தது. மகன் ராத்திரி முழுக்கத் தெருத்தெருவாக அலைந்துவிட்டு நேராக வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. அப்பாவின் படமும் போன் நம்பரும் திரையில் போய்க்கொண்டே இருந்தன. ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிடவில்லை.

நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஹெட்போன் அலறியது. தயாரிப்பாளருக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு கடைக்கார அம்மா லைன்ல இருக்காங்க. பெரியவர் அவங்க கடை வாசல்ல நின்னு, டிவியில மகனையே பாத்துக்கிட்டிருக்காராம். யாராவது கையப் புடிச்சா திமிறிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுறாராம். போலீஸ் வந்துட்டிருக்கு. மகன் முகம் தெரியற வரைக்கும்தான் நிப்பாரு. முடிக்காதீங்க, இழுங்க!"

மெக்கானிக்கைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்த தொகுப்பாளினியின் காதிலும் ஒரு ஒயர் இருந்தது. தயாரிப்பாளர் பேசுவது தொகுப்பாளர் காதிலேயே விழும் என்று அவள் படித்த அத்தனை தளங்களும் சொல்லியிருந்தன. அதனால் இந்த உத்தரவு தனக்கில்லை என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த ஸ்டுடியோவில் அந்த ஒயர் வெறும் அலங்காரம். பெரிய சேனல் மாதிரித் தெரியட்டும் என்று முதலாளி மாட்டிவிட்டது. மறுமுனை தொகுப்பாளினியின் கோட்டுப் பையில் சும்மா கிடந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. இதுதான் நம் அலுவலகங்களின் லட்சணம்.

தொகுப்பாளினி கடைசிக் கேமரா பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு நன்றி சொல்ல ஆரம்பித்தாள். ஹெட்போனில் தயாரிப்பாளர் கத்தினார்: "அவளுக்குச் சொல்லுங்க, அவளுக்கு ஒண்ணும் கேக்காது!"

வெப்சைட் அக்கா இரண்டு கையையும் ஆட்டினாள். தொகுப்பாளினி இந்தப் பக்கமே திரும்பவில்லை. மெக்கானிக்கின் முகம் திரையிலிருந்து போய்விட்டிருந்தது. ஃப்ளோர் மேனேஜரின் நிழல்கூடத் திரையில் விழக்கூடாது. அந்தத் தளத்துச் சண்டைக்காரர்கள்கூட இதில் மட்டும் சண்டை போட்டதில்லை. வேலை போனால் போகட்டும் என்று அவள் கேமராவுக்குக் குறுக்கே நடந்து போய், மெக்கானிக்கின் தோளைத் தொட்டாள்.

"உங்கப்பா டிவியில உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கார். இந்தக் கேமராவப் பாத்துப் பேசுங்க. நிறுத்தாதீங்க."

பக்கத்துக் கேமராக்காரன் கெட்டிக்காரன், சட்டென்று அவர் முகத்துக்கு வந்துவிட்டான். மெக்கானிக் கேமரா பக்கம் குனிந்தார். "அப்பா, அங்கேயே நில்லுங்கப்பா. நான் வந்துடறேன்" என்றார். வேறு வார்த்தை தெரியாதவர் போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவர் பக்கத்திலேயே, உலகம் பார்க்க, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஒருவழியாக போன் ஸ்டுடியோ ஒலிபெருக்கிக்கு வந்தது. போலீஸ்காரர் வந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கடைக்கார அம்மா சொன்னார். போனைப் பெரியவர் காதில் வைத்தார்.

"அப்பா, எங்கப்பா போயிட்டீங்க?"

அந்தக் கிழக்குரல் கோபமாகக் கேட்டது.

"நானாடா போனேன்? நேத்துலேருந்து உன்னத்தான்டா தேடிக்கிட்டிருக்கேன்."