தையல்காரம்மா பேசிய தமிழ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நானே ஒத்துக்கொள்கிறேன். என் மகளைக் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, என்னையே உரித்து வைத்தவள்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருபத்திரண்டு வருஷ வேலை. என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது மாதம் ஆனபோது, ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு வெளிநாட்டில் தொண்டு வேலைக்கு எழுதிக் கொடுத்தேன். கால் விளங்காத பிள்ளைகளுக்கு நடை பழக்கும் இல்லம் அது. தங்குவதற்கு அந்த ஊரிலேயே ஒரு குடும்பம். அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. உண்மையான காரணம் அதுதான். மகளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டியை வாசலில் வைத்ததும் ஆரம்பித்தாள்.

“அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல. இப்ப நீயும் போறியா? ஊரான் பிள்ளைங்கதான் உனக்கு முக்கியம்.”

“ஆமாண்டி, போறேன்!”

சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டேன். தெருமுனை திரும்புவதற்குள் உறைத்தது. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம், வாசலில் நின்றுகொண்டு சொல்கிற வார்த்தையா அது? டாக்ஸியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வீம்பு விட்டால்தானே.

நான் தங்கிய வீட்டில் இரண்டே பேர். தையல்காரம்மாவுக்கு என் வயசு இருக்கும். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே தைப்பாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அங்கே சுவிட்சை மேலே தட்டினால்தான் விளக்கு எரியும். சாவி எதிர்ப்பக்கம் திரும்பும். குளியலறையில் வாளியும் கிடையாது, மக்கும் கிடையாது. முதல் நாள் குழாயைத் தப்பாகத் திருகி முதுகை வேகவைத்துக்கொண்டேன். சாப்பாட்டில் காரம் என்ற பேச்சே இல்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. மகள் போனை எடுக்காததுதான் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவேன், மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். ‘சாப்பிட்டியாடி?’ என்று அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும். படித்துவிட்டாள் என்ற அளவில் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உங்களை என்னவென்று கூப்பிட என்று தையல்காரம்மா முதல் நாளே கேட்டாள். “அம்மா” என்றேன். என் பெயர் அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. அந்த வார்த்தைக்குக் காது ஏங்கிப் போயிருந்தது.

புறப்படுமுன் மூன்று வாரம் அவர்கள் பாஷையைக் கொஞ்சம் படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவர்கள் பாஷையில் “வரேன்” என்பேன். ஒரு வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறித்தாள்.

“ஏம்மா, தினமும் ‘வரேன், வரேன்’னு சொல்லிட்டு எங்கதான் போறீங்க? இப்ப வந்துடுவீங்கன்னு கதவைத் தாழ் போடாம நானும் காத்துக்கிட்டே கெடக்கேன். ஒரு வாரமா என் தையலே ஓடல!”

டிரைவர் முதல் தடவையாகச் சிரித்தார். நான் அசடு வழிந்தேன்.

“கிளம்பும்போது ‘போறேன்’னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்றாள்.

வாய் வரைக்கும் வந்தது. நாக்கு புரளவில்லை. வேற்றுப் பாஷையில்கூட அந்த வார்த்தையை என்னால் இன்னொரு தடவை சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து தமிழிலேயே “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவளும் மெஷினை ஓட்டிக்கொண்டே, கிளிப்பிள்ளை மாதிரி “போயிட்டு வரேன்” என்று திருப்பிச் சொல்வாள். நான் வேலைக்குப் போவதற்குத் தமிழில் அதுதான் வார்த்தை என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள்.

வந்து இரண்டு மாதம் ஓடியது. என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் முடிகிற நாள் வந்தது. காலையிலேயே மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்றைக்குமா? வந்த ஆத்திரத்தில் போனை மெஷின் மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று ஒரு பையன் நடை பழகும் கம்பியைப் பிடிக்காமல் நாலு அடி நடந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் திரும்பினால் தையல்காரம்மா வாசலிலேயே நிற்கிறாள், கழுத்தில் அளவு டேப்பும் கையில் என் போனுமாக.

“உங்க பொண்ணு கூப்பிட்டா! போன்ல அவ படம் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்.”

போனைப் பிடுங்கிக்கொண்டேன். “நீங்க என்ன சொன்னீங்க?”

“நீங்க வேலைக்குப் போயிருக்கீங்கன்னு உங்க பாஷையிலேயே சொன்னேனே!” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழில் ஒப்பித்தாள்: “அம்மா… போயிட்டு வரேன்.”

“அவ?”

“என்னமோ கேட்டா. புரியலையோன்னு மறுபடி சொன்னேன். மூணு தடவை சொன்னேம்மா. மூணாவது தடவை அவ அழுதுட்டா.” தையல்காரம்மா முகம் சுருங்கிவிட்டது. “நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

இல்லை என்று தலையாட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“யாரோ முன்பின் தெரியாதவங்க சொல்றாங்க” என்றாள். “பெத்தவளுக்குச் சொல்ல வாய் வரல, இல்ல?”

திட்டட்டும். இரண்டு மாதமாக அந்தக் குரலுக்குத்தான் காத்துக் கிடந்தேன்.

“போயிட்டு வரேண்டி” என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள். “சரிம்மா. பத்திரமாப் போயிட்டு வா.”