சலீம் பாயும் பூட்டிய செய்திகளும்

சலீம் பாய் போய்விட்டார். சற்றுமுன் அவர் மகள் போனில் சொன்னாள்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருந்தவர். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் நோய். வேகத்தைக் குறைக்கலாம், குணமாக்க முடியாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள்...

எனக்கு அவர் பழக்கமானது ஓர் ஆங்கிலக் கட்டுரையால். கல்லூரியில் நான் எடுக்கும் வகுப்புக்கு வேண்டியிருந்தது. இணையத்தில் இரண்டு வரி காட்டிவிட்டு, மீதியைப் படிக்க சந்தா கட்டு என்று ஒரு பெட்டி விழுந்து மறைத்துவிடும்.

ரீசார்ஜுக்குப் போன இடத்தில் புலம்பினேன். பாய் போனை வாங்கினார். பக்கம் வந்ததும், பெட்டி விழுவதற்குள் நெட்டை அணைத்தார். கட்டுரை முழுதாக நின்றது.

"இது திருட்டு இல்லையா பாய்?"

"டீக்கடையில ஓசி பேப்பர் படிச்சிகினு நிக்கிறாங்களே, அவங்கள மொதல்ல புடிக்கச் சொல்லுங்க மேடம்."

பாதி நேரம் அந்த வித்தை பலிக்காது. "உங்க கை ஸ்லோ மேடம்" என்று பழியை என்மேல் போடுவார்.

நோய் வந்தபிறகு லிங்க் அனுப்புகிறவர் அவரானார். எல்லாம் ஆங்கிலச் செய்தி. நுரையீரல் தழும்புக்குப் புதிய மருந்து, நோயாளிகளுக்கு நம்பிக்கை... அதோடு பெட்டி.

கடைக்குப் போவேன். அவர் திறப்பார், நான் படித்துத் தமிழில் சொல்வேன்.

ஒவ்வொன்றிலும் கீழே எங்கோ அந்த வரி இருக்கும். இதுவரை எலிகளில் மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளது.

இந்த மாதிரித் தலைப்புகளை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் அந்த வரி வரும்போது குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒருநாள் அவரே சிரித்துவிட்டார். "எலிங்க எல்லாம் நல்லாகிகினே வருது மேடம். நம்ம டர்ன் எப்போ?"

சிரிப்பு இருமலாகி, கல்லாவில் இருந்த அவர் மனைவி எழுந்து வந்து முதுகைத் தடவினார். "பேசாத இருங்களேன்..." என்று அவரையும் என்னையும் சேர்த்தே பார்த்தார்.

போன வாரம் வீட்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். முந்தின நாள்தான் புதிதாக ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். நான் போனை எடுத்ததுமே கையைக் காட்டித் தடுத்தார்.

"தொறக்க வேணாம் மேடம். பூட்டு அப்படியே இருக்கட்டும். மேல கீற ரெண்டு வரி மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு தபா."

மறுபடியும் சொன்னேன். "ஆங்... நல்லா கீது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மீதியை நான் வீட்டிலேயே படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

வருகிறேன் பாய்.